கட்டுமரம் நம் சொல்தான், சரி. அதற்காக ஊருக்கு கார்பன் படகா?

வூல்விச்சில் ஏறி கேனரி வார்ஃபில் இறங்கும் ஊபர் போட்டில் காலையில் பார்த்தால் குறைந்தது நாலைந்து தமிழ் முகங்களாவது தெரியும். லேப்டாப் பை, காதில் ஹெட்போன், கையில் காபி. படகு கிளம்பும்போது சொல்லும் பாதுகாப்பு அறிவிப்பை யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் படகின் வகைக்குப் பெயர் 'கேட்டமரான்' என்று யாராவது பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டால் போதும், நம்மவர் தலை உடனே நிமிரும். "அது எங்க வார்த்தை, தெரியுமா?" இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும்கூட இதை மட்டும் சரியாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

உண்மைதான், நம் சொல்தான். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி சோழமண்டலக் கடற்கரையில் பார்த்த கட்டுமரத்தைப் பற்றி எழுதிய புத்தகம் 1697இல் இதே லண்டனில்தான் அச்சானது. ஆங்கிலத்துக்குள் அந்தச் சொல் நுழைந்த வழிகளில் அது முக்கியமானது. ஆனால் இன்று தேம்ஸில் ஓடும் இரட்டை உடல் படகு நம் கட்டுமரம் அல்ல. நம்முடையது மரத்துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டிய தெப்பம். இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைக்கும் அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களுடையது. சொல் ஒரு கரையிலிருந்தும் வடிவம் இன்னொரு கரையிலிருந்தும் போய், எங்கோ நடுக்கடலில் கல்யாணம் செய்துகொண்டன. "சோழர் கண்டுபிடித்த கேட்டமரானை வெள்ளைக்காரன் திருடிவிட்டான்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை இனி அனுப்பாதீர்கள், ப்ளீஸ்.

இதை இப்போது எழுதக் காரணம் வேறு. எங்கள் பொறியியல் கல்லூரிப் பழைய மாணவர்களின் லண்டன் குழுவில் மூன்று மாதமாக ஒரு விவாதம் ஓடுகிறது. ஊர்க் கடற்கரைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நிதி திரட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம். திட்டம் என்னவென்றால், கார்பன் ஃபைபர் தோல், நடுவில் ஃபோம், இறகு மாதிரி எடை, பெட்ரோல் பாதி மிச்சம் என்று ஒரு நவீனப் படகு. மாதிரிக்கு ஒன்று கட்டி, பிறகு பத்து. இதற்கு உந்துதல் இ-1 என்ற மின்சாரப் படகுப் பந்தயத்தின் வீடியோ. 2024 பிப்ரவரியில் ஜெத்தாவில் முதல் பந்தயம் நடந்ததே, அதுதான். விராட் கோலி ஓர் அணிக்கு உரிமையாளர்களில் ஒருவர் என்பதால் அந்த வீடியோ நம் குழுக்களில் கொஞ்சம் அதிகமாகவே சுற்றியது. தண்ணீருக்கு மேலே இறக்கை வைத்துப் பறக்கும் படகைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

நான் அந்தத் திட்டத்துக்கு எதிராக வாக்களித்தேன். குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்தவன், மெக்கானிக்கல் படித்துவிட்டு இப்போது வங்கி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவன். "நீயே இப்படிச் சொன்னா எப்படி?" என்று கேட்டவர்களுக்கு முழுப் பதில் இது.

முதலில் அந்தத் தொழில்நுட்பத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். எடையைக் குறைக்கும் கலையில் சாண்ட்விச் கட்டுமானம் உண்மையிலேயே அற்புதமான விஷயம். அமேசான் பார்சல் அட்டையைப் பாருங்கள். இரண்டு மெல்லிய தாள், நடுவில் நெளிந்த தாள். மடக்கிப் பாருங்கள், எவ்வளவு விறைப்பு! ஊரில் பனை மட்டையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளியே கத்தியை மழுக்கும் கடினத் தோல், உள்ளே நார்ச் சோறு.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து, நடுவில் எடையே இல்லாத ஒன்றை வைத்து மொத்தத் தடிமனை இரு மடங்கு ஆக்கினால், விறைப்பு 7 மடங்கு. நான்கு மடங்கு ஆக்கினால் 37 மடங்கு. எப்படி 37? நான்கின் மும்மடி 64, நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கு மூன்றின் மும்மடி 27ஐக் கழியுங்கள். அவ்வளவுதான். தேன்கூட்டுத் தகடு விற்பவர்களின் கையேடுகளில் இந்த 7, 37 என்ற எண்கள் தவறாமல் இருக்கும். எடை கூடுவதோ நூற்றுக்கு மூன்று, ஆறு என்ற அளவில்தான். பொறியியலில் இவ்வளவு மலிவாக லாபம் கிடைக்கும் இடங்கள் ரொம்பக் குறைவு.

ஆனால் நடுப்பொருள் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மேல் தோலும் கீழ் தோலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. வேகப் படகு நாற்பது நாட் வேகத்தில் அலை மேல் விழும்போது தண்ணீர் கான்கிரீட் மாதிரி அடிக்கும். அந்த அடியில் நடுப்பொருள் கிழிந்தால் தோல்கள் பிரிந்துவிடும். பிரிந்த நிமிடத்தில் 37 மடங்கு எல்லாம் போய்விடும். கையில் மிஞ்சுவது இரண்டு மெல்லிய அப்பளம். அதனால்தான் எதை நடுவில் வைப்பது என்பதில் இவ்வளவு சண்டை. பால்சா மரத்தை நார் செங்குத்தாக நிற்கும்படி குறுக்கே அறுத்து வைத்தால் நசுங்காது, விலையும் அடக்கம், ஆனால் கன மீட்டருக்கு 150 கிலோ அளவில் வரும். பி.வி.சி. ஃபோம் அதில் பாதிதான். அதிலும் விறைப்பான வகை ஒன்று, அடி வாங்கினால் உடையாமல் அமுங்கி எழும் நெகிழ்வான வகை ஒன்று. தேன்கூடு எல்லாவற்றையும்விட லேசு, விலை எல்லாவற்றையும்விட கனம். பல நல்ல கட்டுநர்கள் நீர்மட்டத்துக்குக் கீழே நடுப்பொருளே வைக்காமல் முழுக் கண்ணாடி இழையில் கட்டிவிட்டு, பக்கவாட்டிலும் மேல்தளத்திலும் மட்டும் சாண்ட்விச் வைக்கிறார்கள். அது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல. காரணம் கீழே வரும்.

லண்டனைச் சுற்றியே இந்தக் கலையின் வரலாறு பாதி கிடக்கிறது என்பதை இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் கவனித்தேன். தேம்ஸில் மேலே போனால் கோரிங் என்று ஒரு சிற்றூர். அங்கே சாம் சாண்டர்ஸ் என்ற படகு கட்டுநர் மெல்லிய மஹோகனிப் பலகைகளை அடுக்கி, நடுவில் நீர்புகாத துணி வைத்து, எல்லாவற்றையும் செப்புக் கம்பியால் தைத்தார். 1898இல் அப்படிக் கட்டிய நீராவிப் படகுக்கும் அந்தக் கட்டுமானத்துக்கும் ஒரே பெயர், 'கன்சூட்டா'. லத்தீனில் 'தைக்கப்பட்டது' என்று பொருள். படகுப் போட்டிகளில் நடுவர் துடுப்புக்காரர்களை விரட்டிக்கொண்டு போக வேண்டும், ஆனால் பெரிய அலை எழுப்பக் கூடாது. அதற்கு நீளமான, லேசான உடல் தேவை. பிறகு அவர் தொழிலை ஐல் ஆஃப் வைட்டில் ஈஸ்ட் கவுஸுக்கு மாற்றிக்கொண்டார். இன்று தேம்ஸ் கிளிப்பர்ஸின் புதிய படகுகள் பலவும் அதே ஈஸ்ட் கவுஸிலிருந்துதான் வருகின்றன.

தைத்த படகு என்றதும் சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வர வேண்டும். மெரினாவின் அலையைத் தாண்டி, கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்த மசூலா படகு. ஆணியே கிடையாது, உள்ளே வங்குக் கால்கள் கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் படகு நெளியும், உடையாது. துறைமுகம் வரும்வரை கும்பினித் துரைமார்கள் எல்லோரும் கால் நனையாமல் இறங்க அதைத்தான் நம்பினார்கள். கன்சூட்டாவுக்கும் மசூலாவுக்கும் உறவு கட்டி இன்னொரு வாட்ஸ்அப் செய்தி உருவாக்க வேண்டாம். ஆனால் இரண்டு கரைகளிலும் எடையோடு மல்லுக்கட்டியவர்கள் ஊசியை எடுத்தார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

வடக்கே எம்25 ஓரம் லண்டன் கோல்னிக்குப் போங்கள். சாலிஸ்பரி ஹாலில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1940 நவம்பர் 25 அன்று முதலில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் மூல மாதிரி இன்னும் அங்கே நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் உலோகத் தட்டுப்பாட்டுக்கு நடுவே மரத்தால் கட்டிய போர் விமானம். பர்ச் ஒட்டுப்பலகைத் தோல், நடுவில் பால்சா. பட்டாணித் தோல் மாதிரி இரண்டு பாதியாகச் செய்து ஒட்டினார்கள். செய்தவர்களில் பலர் மேசை நாற்காலி செய்த கம்பெனிக்காரர்கள். நம்மவர்கள் நிறைய இருக்கும் வால்தம்ஸ்டோவிலும் அப்படி ஒரு ஃபர்னிச்சர் தொழிற்சாலை இதற்காக வேலை செய்தது. 7,700க்கும் மேல் கட்டினார்கள். இன்று வேகப் படகுகளில் இருக்கும் பால்சா சாண்ட்விச்சுக்கு இதுதான் புகழ்பெற்ற மூத்த அண்ணன். பிள்ளைகளை லீவுக்குக் கூட்டிப் போக லீகோலாண்டைவிட டிக்கெட் விலை குறைவு என்பது கூடுதல் தகவல்.

அந்தக் கதையில் நமக்கு வேண்டிய பகுதி வேறு. அந்த விமானங்கள் இந்தியாவுக்கும் வந்தன. 1944இல் சில வானிலேயே சிதைந்தன. மொத்தமாகத் தரையிறக்கி விசாரணை நடத்தினார்கள். ஒட்டுகள் சரியாகப் பொருந்தாததும், வெப்பத்திலும் ஈரத்திலும் மரம் சுருங்கி விரிந்ததும் பேச்சுக்கு வந்தன. ஹாட்ஃபீல்டின் குளிரில் பொருந்திய ஒட்டு பருவமழையில் என்ன ஆகும் என்பது ஆய்வகத்தில் கேட்க வேண்டிய கேள்வி. கேட்காவிட்டால் விமானி விடை சொல்வார்.

போருக்குப் பிறகு இதே கைவேலை படகுக்குள் போனது. ஹாம்பிளில் ஃபேரி மரைன் என்ற கம்பெனி மெல்லிய மரத் தகடுகளை அச்சில் அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து வேகப் படகு செய்தது. 1961இல் கவுஸ் முதல் டார்க்கி வரை தொடங்கிய கடல் பந்தயத்தில் அந்தப் படகுகள் ஓடின. 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' பார்த்தவர்களுக்கு ஷான் கானரி ஓட்டும் படகு துரத்தல் ஞாபகம் இருக்கும். அவை ஃபேரி படகுகள்தான். பிறகு கண்ணாடி இழையும் ரெசினும் வந்து மரத்தைத் தள்ளிவிட்டன. பிறகு ஃபோம், பிறகு கார்பன். இந்தியக் கடற்படையும் சும்மா இல்லை. 2017இல் சேவைக்கு வந்த ஐ.என்.எஸ். கில்டானின் மேற்கட்டுமானம் கார்பன் ஃபைபர் கலவைதான்.

சரி, இவ்வளவு பெருமை பேசிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன்?

சென்ற வருடம் அலுவலக நண்பர் ஒருவர் பழைய வேகப் படகு ஒன்றை வாங்கப் போனார். கென்ட் பக்கம் ஒரு படகுத்துறை. பதினைந்து வயதுப் படகு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். சோதிக்க வந்த சர்வேயர் கையில் இருந்தது ஒரு சின்ன பிளாஸ்டிக் சுத்தியல், அவ்வளவுதான். தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக் என்று வந்த சத்தம், பின்பக்கம் ஓரிடத்தில் 'பொத்' என்று ஆனது. பலாப்பழம் தட்டிப் பார்க்கிற மாதிரிதான், என்ன, பழுத்திருந்தால் சந்தோஷப்பட முடியாது. யாரோ ஆழமானி பொருத்த அடியில் ஒரு துளை போட்டிருக்கிறார்கள். துளையின் விளிம்பில் தெரியும் பால்சாவை ரெசினால் மூடவில்லை. அதன் வழியே பல வருடமாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. உள்ளிருந்து ஒரு சின்னத் துளை போட்டுக் காட்டினார். டீத்தண்ணி மாதிரி பழுப்பாக வடிந்தது. நடுப்பொருள் ஒரு மீட்டர் தூரத்துக்குச் சோறாகக் குழைந்திருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. திருத்தச் சொன்ன தொகை, கேட்ட விலையில் பாதி. நண்பர் வாங்கவில்லை.

அந்தப் படகு பணக்காரர்களின் பொம்மை. வருடத்தில் முப்பது நாள் ஓடியிருக்கும். மீதி நாள் துணி போர்த்தி நின்றிருக்கும். அதற்கே இந்த நிலை.

இப்போது ஊருக்கு வாருங்கள். குளச்சல் பக்கம் என் சித்தப்பாவிடம் ஃபோனில் இந்தத் திட்டத்தைச் சொன்னேன். "சித்தப்பா, நாலு பேரு தூக்குற எடையில படகு செய்யலாம்னு சொல்றாங்க, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" அவர் சிரிக்கவில்லை, யோசித்துத்தான் பதில் சொன்னார். "லேசா இருந்தா நல்லதுதான் மக்ளே, பெட்ரோலு மிச்சம். ஆனா தெனமும் மணல்ல இழுக்கணும்லா? தூண்டில் வளைவு கல்லுல ஒரு நாளு உரசாம இருக்குமா? நங்கூரம் உள்ள விழும். ஓட்ட விழுந்தா அத அடைக்கது யாரு, நீ லண்டன்லருந்து வருவியா?"

மூன்று வருட வகுப்பில் என் பேராசிரியர் கேட்காத கேள்விகள் இவை. சாண்ட்விச்சின் தத்துவமே தோலை மெல்லியதாக்குவதுதான். மெல்லிய தோல் மணல் உரசலைத் தாங்காது. ஒரு நங்கூர நுனி போதும் அதைக் குத்த. குத்தினால் தண்ணீர் நடுவுக்குள் போகும், போனது வெளியே வராது. இரும்புப் படகு ஒழுகினால் தெரியும், மரப் படகு ஒழுகினால் தெரியும். சாண்ட்விச் படகு ஒழுகுவது சுத்தியலுக்கு மட்டும்தான் தெரியும். கார்பன் இன்னொரு சிக்கல். அது வளையாது, எச்சரிக்காமல் முறியும். அதைத் திருத்தத் தனி ரெசின், தனிச் சூடு, தனிப் பயிற்சி. கடற்கரையில் ஒரு வாளி ரெசினும் மேட்டும் வைத்து ஒரு சாயங்காலத்தில் ஒட்டுப்போடும் வேலை அல்ல. பந்தயப் படகுக்கு ஒரு லாரி நிறைய மெக்கானிக்குகள் பின்னால் வருகிறார்கள். சித்தப்பாவுக்குப் பின்னால் வருவது வட்டிக்காரர்.

கட்டுமரத்தை இந்த இடத்தில் திரும்பப் பாருங்கள். அல்பீசியா, மலைவேம்பு மாதிரி லேசான மரங்கள். அவையும் தண்ணீர் குடிக்கும், குடித்தால் கனக்கும். அதற்கு நம்மவர்கள் கண்ட தீர்வு, தண்ணீரைத் தடுக்காமல் விடுவது. அலை உள்ளே வந்து இடுக்கு வழியே வெளியே போகும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தை வெயிலில் காயப்போடுவார்கள். மூழ்காது, ஏனென்றால் நிரம்புவதற்கு அதில் பள்ளமே இல்லை. நடுப்பொருளுக்குத் தோல் போர்த்தி உள்ளே ஈரத்தைப் பூட்டிவைக்கும் நம் காலத்துச் சாமர்த்தியத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். காய வைக்க முடிந்த படகு என்பது எவ்வளவு பெரிய வசதி!

நாம் முன்பு ஒரு தடவை படகு கொடுத்தோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. லண்டனில் கோயில், சர்ச், தமிழ்ப் பள்ளி என்று எல்லா இடத்திலும் உண்டியல் வைத்தார்கள். அப்போது நான் இங்கே இல்லை, ஊரில் மாணவன். மரங்களும் வள்ளங்களும் போன இடத்தில் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. தேவை அதிகம், அவசரம் அதிகம். புதிது புதிதாகப் படகுப் பட்டறைகள் முளைத்தன. மேட்டை விரித்து ரெசினை ஊற்றி ரோலரால் தேய்த்து, இரண்டே நாளில் அச்சிலிருந்து கழற்றினார்கள். நல்ல பட்டறைகளும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பல படகுகள் தரமில்லாமல் இருந்ததை ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு உட்படப் பலர் பதிவு செய்தார்கள். படகுகளை எண்ணிக் கொடுத்தோம், எடை போட்டுப் பார்த்துக் கொடுக்கவில்லை.

எடை ஏன் முக்கியம் என்று கேட்டால், அதுதான் தினச் செலவு. தண்ணீர் மேல் சறுக்கி ஓடும் படகை இழுக்கத் தேவையான விசை கிட்டத்தட்ட அதன் எடையோடு சேர்ந்தே ஏறும். கையால் ரெசின் தேய்த்துச் செய்த படகின் எடையில் கண்ணாடி இழை சுமார் 30 சதவீதம்தான், மீதியெல்லாம் ரெசின். பலம் இழையில் இருக்கிறது, ரெசின் வெறும் பசை. தோசைக்கு மாவைவிட எண்ணெய் அதிகம் ஊற்றின மாதிரி. அதே மேட்டை அச்சில் காயாக அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தின் வழியே ரெசினை உள்ளே இழுத்தால் இழையின் பங்கு 60 சதவீதத்தைத் தொடும். அதே பலம், குறைந்த எடை. வேலை செய்கிறவர் நுரையீரலுக்குள் போகும் ஸ்டைரீன் ஆவியும் குறைவு. இதற்குக் கார்பனும் வேண்டாம், விராட் கோலியும் வேண்டாம். ஒரு வேக்யூம் பம்பும் பழகிய நாலு கைகளும் போதும்.

நம் பக்கத்தில் இதை யோசித்தவர்கள் இல்லாமலில்லை. 1979இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில் ஓய்விண்ட் குல்பிரான்சென் என்ற நார்வே வடிவமைப்பாளர் அலையடிக்கும் கரையில் ஏறி இறங்கும் படகுகளை வரைந்தார். ஈழத்தில், காரைநகரில் நார்வே உதவியோடு வந்த சீநோர் ஃபைபர் படகு கட்டி ஒரு தலைமுறைக்கே அந்தத் தொழிலைப் பழக்கியது. போர் அதை முடக்கிப்போட்டது. 1938இல் வல்வெட்டித்துறையின் அன்னபூரணி அமெரிக்காவின் கிளவுஸ்டர் வரை பாய் விரித்துப் போனதை நினைவு வைத்திருக்கும் நண்பர்கள், சீநோரையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

எனக்கு மிகவும் நெருக்கமானது எங்கள் மாவட்டத்துக் கதை. 'சிறியதே அழகு' எழுதிய ஷூமாக்கர் 1966இல் லண்டனில் தொடங்கிய அமைப்பு, இடைநிலைத் தொழில்நுட்பக் குழு. சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த எட்வின் கிஃபோர்ட் என்ற பொறியாளரோடு சேர்ந்து, அவர்கள் 1980களின் தொடக்கத்தில் குமரி, கேரளக் கடற்கரையில் மரைன் பிளைவுட் படகு கட்டப் பழக்கினார்கள். முறை என்ன தெரியுமா? பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, மூட்டுக்கு மேல் கண்ணாடி நாடாவும் ரெசினும் ஒட்டுவது. 1963இல் 'டெய்லி மிரர்' பத்திரிகை வீட்டில் தாங்களே கட்டிக்கொள்ளும்படி விற்ற மிரர் டிங்கி என்ற சிறு பாய்ப்படகும் இதே தையல்தான். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜாக் ஹோல்ட்டின் பட்டறை புட்னியில் இருந்தது. அந்த வகையில் 70,000க்கும் மேல் உலகம் முழுக்கக் கட்டியிருக்கிறார்கள். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அந்த பிளைவுட் படகைத் தன் பட்டறைகளில் எடுத்து நடத்தியது. கோவையில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஆள் வராமலே உள்ளூர்க் கைகள் கட்டின, திருத்தின. அந்த முயற்சியில் இருந்த பியர் ஜிலே 1985இல் நாகர்கோவிலிலிருந்து ஒரு நூல் வெளியிட்டார். ஷூமாக்கரைக் கிண்டல் செய்யும் தலைப்பு: 'சிறியது கடினம்'. நிதி திரட்டும் ஒவ்வொருவருக்கும் அதன் பிரதி ஒன்று கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படகு செத்தால் எங்கே போகும்? கட்டுமரம் செத்தால் அடுப்புக்குப் போனது. ஃபைபர் படகை எரிக்க முடியாது, புதைக்க முடியாது, உருக்க முடியாது. ஊர்க் கடற்கரையில் பாதி மண்ணில் புதைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே எசெக்ஸ், கென்ட் ஓடைகளிலும் அதே காட்சி. பிரைட்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிசெஸ்டர் துறைமுகத்துச் சிப்பிகளைச் சோதித்தார்கள். 2024இல் வெளியான முடிவின்படி ஒரு கிலோ சிப்பி இறைச்சியில் 11,000க்கும் மேற்பட்ட கண்ணாடி இழைத் துகள்கள். தேம்ஸ் கிளிப்பர்ஸ் அலுமினியத்தில் கட்டுவதற்குத் தீப் பாதுகாப்பு ஒரு காரணம் என்றாலும், பழசானால் உருக்கி விற்கலாம் என்பதும் லேசான விஷயம் அல்ல. கொச்சி வாட்டர் மெட்ரோவும் அலுமினியத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. கார்பன், ஃபோம், ரெசின் மூன்றும் ஒட்டிய ஒன்றைப் பிரித்தெடுக்கக் குளச்சலில் என்ன வழி இருக்கிறது?

எங்கள் குழுவில் என் நண்பன் ஒருவன் இதற்கெல்லாம் ஒரே வரியில் பதில் போட்டான்: "அப்போ ஏழைக்கு எப்பவும் பழைய டெக்னாலஜிதானா?" நியாயமான கோபம். அதனால்தான் வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார எனக்கு மனமில்லை. வேக்யூம் முறை பழைய டெக்னாலஜி அல்ல. கவுஸில் பந்தயப் படகு கட்டுகிறவர்கள் செய்வதும் அதைத்தான். பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து செய்யும் பெட் ஃபோம் இப்போது சந்தையில் இருக்கிறது. அதை மணலில் உரசும் அடிப்பகுதியில் வைக்காமல், பக்கச் சுவரிலும் மேல்தட்டிலும் வைக்கலாம். அணியத்திலும் பின்பக்கத்திலும் மூடிய மிதப்பு அறை வைத்தால் படகு கவிழ்ந்தாலும் மூழ்காது, பிடித்துக்கொண்டு மிதக்க ஆளுக்கு ஓரிடம் இருக்கும். கரைக்கு ஒரு தூக்குத் தராசு வாங்கிக் கொடுத்தால், பட்டறைக்காரர் ஒப்படைக்கும் படகு ஒப்புக்கொண்ட எடையில்தான் இருக்கிறதா என்று வாங்குகிறவரே பார்க்கலாம்.

அடுத்த கூட்டம் ஈஸ்ட் ஹாமில், வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு. கார்பன் படகின் விரிதாள் ஒன்று ஏற்கெனவே சுற்றில் இருக்கிறது, அழகான வரைபடங்களோடு. என் விரிதாளில் ஐந்தே வரி: இரண்டு வேக்யூம் பம்பு, ஒரு தூக்குத் தராசு, ஆறு பட்டறைத் தொழிலாளர்களுக்கு மூன்று மாதச் சம்பளத்தோடு பயிற்சி, முதல் மாதிரிப் படகுக்குப் பொருள்கள், அதை ஒரு வருடம் ஓட்டிப் பார்க்கப் போகிறவருக்குத் தினப்படி. சித்தப்பா ஆறாவதாக ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: தட்டிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் சுத்தியல்.